கயிறு பிடித்த பெண்

கோடு இல்லை. காலையில் பதினொரு மணிக்குக் கணினியில் அந்தக் கல்லறைச் சுவரின் புகைப்படத்தைத் திறந்ததிலிருந்து மதலைமுத்து அதை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று அவருக்கே தெரியாது; பெரிதாக்கிப் பார்த்தார், வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார், வலது கண்ணை மூடிக்கொண்டு இடதால், பிறகு இடதை மூடிக்கொண்டு வலதால், முகம் கழுவிவிட்டு வந்து, சாதத்தில் தயிரை ஊற்றிப் பாதி தின்று மீதியை மூடி வைத்துவிட்டு வந்து, எப்படிப் பார்த்தாலும் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணின் நீட்டிய கைக்கும் தரைக்கும் நடுவில் வெறும் கல்தான் இருந்தது. மணல் நிறத்தில், வழவழப்பாக, மூவாயிரத்துச் சொச்சம் வருஷமாக யாரும் உளி வைக்காத கல். இப்போது மணி இரண்டரை. நாலரைக்குத் திரையில் கூட்டம். இன்றைக்கு எழுத்துப் பட்டியலை மூடுகிறார்கள். மின்விசிறி இரண்டாம் வேகத்தில் டக் டக் என்று ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சுற்றியது, முத்தியால்பேட்டை முழுக்க மத்தியானத் தூக்கத்தில் கிடந்தது, கடல் பக்கமிருந்து காற்று இன்னும் எழும்பவில்லை. கோடு இருந்தது, நான் வரைந்தேன், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில் உட்கார்ந்து இந்தக் கையால் வரைந்தேன் என்று அவர் தனக்கே சொல்லிப் பார்த்தார். வரைந்தது என்னவோ வாஸ்தவம். ஆனால் கல்லைப் பார்த்து வரையவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் அந்தக் கல்லறைச் சுவரைப் பார்த்துப் பென்சிலால் எழுதி வைத்த தாளை யாரோ நாலாக மடித்து உறையில் வைத்திருந்தார்கள், அந்தத் தாளை நகலெடுத்ததில் மடிப்பு ஒரு கோடாக விழுந்தது, சரியாக அந்தப் பெண்ணின் விரல் நுனியிலிருந்து கீழ்நோக்கி. மடிப்பு. காகித மடிப்பு. அதைத்தான் அவர் கயிறு என்று நினைத்தார்.

கயிறு என்று முதலில் சொன்னது அவர் இல்லை, கூட வேலை செய்கிற ஸவ்ஸன். அவர் சொன்னது 'கையில் எதையோ பிடித்திருக்கும் பெண், தனி எழுத்தாகக் கொள்ள வேண்டும்' என்பது மட்டும்தான். எகிப்தின் பழைய சித்திர எழுத்துகளை, ஆந்தையும் நாகமும் மண்டியிட்ட மனிதனும் அலையலையாக ஓடும் தண்ணீரும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எழுத முடிகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்கிற வேலை அது. பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே எண் வந்துவிட்டது. விட்டுப்போனவற்றைத் தேடிப் பிடித்து இன்னொரு முந்நூற்றுப் பன்னிரண்டைச் சேர்ப்பதற்காக உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரில் மதலைமுத்து பதினோராவது ஆள், எழுத்து படிக்கத் தெரியாத ஒரே ஆள். அவர் படம் வரைகிறவர். புதுச்சேரியில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் முப்பத்தோரு வருஷம் கோயில் கல்வெட்டுகளில் மை ஒற்றியெடுத்த படிகளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தையும் கோடு மாறாமல் வரைந்து கொடுத்தவர். யார் யாரோ கண்டுபிடித்தார்கள், யார் யாரோ புத்தகம் போட்டார்கள், கடைசிப் பக்கத்தில் 'வரைபட உதவி' என்று அவர் பெயர் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. ஒரு புத்தகத்தில் 'மதலமுத்து' என்று போட்டிருந்தார்கள். அதனாலா அந்தக் கோடு? அதனால்தான். கண்ணில் புரை இருந்தது, அறுவை சிகிச்சை போன வருஷம்தான் நடந்தது, மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நாலரை மணிக்குச் சொல்லிவிடலாம், சொன்னால் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள், ஆனால் புரை வலது கண்ணில்தான் இருந்தது, இடது கண் அன்றைக்கும் ஊசி கோர்க்கிற கண்தான், அந்தக் கோடு மேலே பெண்ணின் தலைக்கு அந்தப் பக்கமும் மெலிசாக நீண்டிருந்தது, தாளின் விளிம்பு வரைக்கும் போனது, அதை இடது கண் பார்த்தது. பார்த்துவிட்டு, தலைக்கு மேலே இருக்கிற துண்டை அழுக்கு என்று விட்டுவிட்டு, கைக்குக் கீழே இருக்கிற துண்டை மட்டும் எடுத்துக்கொண்டது. தனக்கென்று ஒரு எழுத்து வேண்டியிருந்தது அதற்கு.

ஒரு தடவை எண் கொடுத்து வெளியிட்டுவிட்டால் அப்புறம் எடுக்க முடியாது. அதுதான் சட்டம், சேர்ந்த முதல் நாளே அவருக்குச் சொன்னது. பெயரில் எழுத்துப்பிழை இருந்தால்கூடத் திருத்த மாட்டார்கள், பிழையோடு அப்படியே இருக்கும், ஏனென்றால் யாரோ எங்கேயோ அந்த எண்ணை வைத்து ஏதாவது எழுதியிருப்பார்கள், எண்ணைப் பிடுங்கினால் அவர்கள் எழுதினது உடைந்துபோகும். இதைக் கேட்டபோது அவருக்குப் பிடித்திருந்தது. உலகத்தில் எதையாவது ஒன்றை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்கிறார்களே. இப்போது அதே சட்டம் அவரையே பிடித்துக்கொண்டது. முப்பத்தேழாவது வரிசை எண், கயிறு பிடித்த பெண். இன்று சாயங்காலம் பட்டியல் மூடினால் அவள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் எல்லாக் கைபேசியிலும் ஏறிவிடுவாள், மதலைமுத்து செத்த பிறகும் இருப்பாள், எந்த எகிப்தியனும் எழுதாத ஓர் எகிப்திய எழுத்து, முத்தியால்பேட்டையில் இரண்டாம் மாடியில் பிறந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? அருங்காட்சியகத்துப் படக்காரன் இருநூற்றுச் சொச்சம் படங்களை அவருக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தான், வரைகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று. மற்றப் பத்துப் பேரும் பெரிய வேலை இருக்கிறவர்கள், ஒருத்தரும் திறக்கப் போவதில்லை. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது அவருக்கு ஒன்றும் புதிதில்லை, நாள் கணக்காக இருந்திருக்கிறார், ஒரு வாரம் திங்கட்கிழமை பால்காரரிடம் 'அரை லிட்டர் போதும்' என்றது, அதற்கப்புறம் புதன்கிழமை குரல் கொடுக்கும்போது தொண்டை கட்டியிருந்தது.

ஆனால் ஸவ்ஸன் இருக்கிறாளே. மனதுக்குள் அவளை அவள் என்றுதான் சொல்வார், நேரில் டாக்டர் ஸவ்ஸன், நேரில் என்ன நேரில், திரையில். அலெக்சாண்டிரியாவில் பல்கலைக்கழகத்தில் பழைய மொழி சொல்லிக்கொடுக்கிறவள், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறவள். அவர் வரைந்த அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு முதல் மின்னஞ்சல் அவள்தான் எழுதினாள். வியாழக்கிழமை ஒன்று, அடுத்த வியாழக்கிழமை இன்னொன்று, அப்படியே மூன்று வருஷம். எழுத்துக்குப் பக்கத்தில் சிதைந்து நிற்கிற சொல் காத்திருப்பதைக் குறிக்கும் என்று அவள் நினைத்தாள். கரையில் உட்கார்ந்து படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண், படகில் போனவன் வரும்வரை கயிற்றை விடாதவள். மதலை என்றால் உங்கள் மொழியில் என்ன அர்த்தம் என்று கேட்டாள். குழந்தை என்று எழுதினார். 'ஐம்பத்தெட்டு வயதுக் குழந்தைக்கு வணக்கம்' என்று அடுத்த வாரம் ஆரம்பித்தாள், அதைப் படித்துவிட்டு அவர் எழுந்து போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். அவளுடைய புருஷன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பயணம் போனவர் திரும்பவில்லை, கப்பலும் கிடைக்கவில்லை. அதை அவள் ஒரே ஒரு தடவைதான் எழுதினாள், எழுத்தைப் பற்றி எழுதுகிற மாதிரி எழுதினாள்: 'இந்தப் பெண்ணின் கை எனக்குத் தெரியும், மதலை. நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.' அந்தப் பெண்ணைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதிவிட்டாள், அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது, முதல் அடிக்குறிப்பில் மதலைமுத்து என்கிற பெயர் ஒரு பிழையும் இல்லாமல் இருக்கிறது. கோடு இல்லை என்றால் கயிறு இல்லை. கயிறு இல்லை என்றால் கட்டுரை இல்லை, அப்புறம் வியாழக்கிழமை எதற்கு? இரண்டு பேருக்கும் பேச வேறு என்ன இருக்கிறது? ஒரு மடிப்பைப் பிடித்துக்கொண்டா மூன்று வருஷம், என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

கைபேசி அடித்தது. ரோசாலி. புதன்கிழமையில் ரோசாலி கூப்பிடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அங்கே பதினொன்றரைக்குத்தான் கூப்பிடுவாள், மகள் செலினுக்குப் பிரசவம் பார்க்க மூன்று மாதம் என்று பிரான்சுக்குப் போன மனைவி, பேரனுக்கு இப்போது நாலு வயது. மூன்று மாதம் ஆறு மாதமானது, குளிர் முடியட்டும் என்றாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள், செலின் வேலைக்குப் போக வேண்டும் என்றாள், எல்லாமே நியாயமான காரணம், ஒவ்வொன்றையும் அவர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார், அவளுடைய புடவைகள் இந்த அலமாரியில் இருக்கின்றன, பூச்சி உருண்டை மாற்றுவது அவர்தான்.

"என்னங்க, தூங்கிட்டிருந்தீங்களா?"

"இல்ல, வேலையா இருந்தேன். என்ன, இன்னைக்குக் கூப்பிடற? புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

"அவன் நல்லா இருக்கான். எக்கோல் போயிருக்கான், ஸ்கூலுக்கு." பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம், துணி துவைக்கிறதாக இருக்கும். "செலினும் இல்ல, நான் மட்டுந்தான் வீட்டுல. அதான் கூப்பிட்டேன்."

"சொல்லு."

"திட்டாதீங்க."

"நான் என்னிக்குத் திட்டியிருக்கேன்?"

"அதுவும் சரிதான்," என்றாள் ரோசாலி. "நான் இங்கியே இருந்துடறேங்க. ரெண்டு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு நெனச்சு, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வேற எதையாவது பேசிட்டு வச்சிடறேன். எனக்கு அங்க வரணும்னு தோணல. உங்க மேல ஒண்ணும் இல்ல. சாமி சத்தியமா உங்க மேல ஒண்ணும் இல்ல. இங்க காலைல எழுந்தா யாராவது பேசறாங்க. அந்த வீட்டுல நீங்க ஒரு ரூம்ல வரைவீங்க, நான் ஒரு ரூம்ல இருப்பேன்."

மதலைமுத்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையின் கீழே கல்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நீங்க இங்க வர்றதா இருந்தா செலின் பேப்பர் ரெடி பண்றேங்கறா. ஆனா நீங்க வர மாட்டீங்க, எனக்குத் தெரியும்."

"ஆமா," என்றார். சொல்லிவிட்டு அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "வர மாட்டேன் ரோசாலி."

"ம்."

"ரெண்டு வருஷமாவா சொல்லணும்னு நெனச்ச?"

"ரெண்டு வருஷமா."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்றாள். அவள் அழுகிறாளா என்று கேட்கப் பார்த்தார், இயந்திரம் வேகமெடுத்துவிட்டது. "பயமா இருந்துச்சு. சரி, வச்சிடட்டா? துணிய எடுக்கணும்."

வைத்தாள். மணி மூன்று நாற்பது. அவர் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், கவிழ்த்ததை நிமிர்த்தி இன்னொரு தடவை கழுவினார். வலிக்கும் என்று காத்திருந்தார், வலித்தது, ஆனால் அது தெரிந்த இடத்தில்தான் வலித்தது, நாலு வருஷமாக இருட்டில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த இடம், இப்போது விளக்குப் போட்ட மாதிரி. ரெண்டு வருஷமா என்றாளே. நூறு ஞாயிற்றுக்கிழமை. அந்த நூறு ஞாயிற்றுக்கிழமையும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு கைபேசி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், மழை பெய்ததா, மீன் கிடைக்கிறதா, அந்தோணியார் கோயில் தேர் எப்படி இருந்தது என்றெல்லாம் அவள் கேட்கக் கேட்கச் சொல்லியிருக்கிறார், அப்போதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னதுகூடப் பெரிதாகப் படவில்லை, அவள் தெரிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தாள் என்பதுதான் உறுத்தியது. நாளைக்கு வியாழக்கிழமை, ஸவ்ஸனின் நாள். நாளைக்கு எழுதுவாள், பட்டியல் மூடிவிட்டது மதலை, நம்முடைய பெண் கரையேறிவிட்டாள் என்று எழுதுவாள், அவர் பதில் எழுதுவார், அடுத்த வியாழக்கிழமையும் எழுதுவார், தெரிந்துகொண்டே எழுதுவார், நூறு வியாழக்கிழமை. முடியுமா? முடியும். அதுதான் பயமாக இருந்தது, நிச்சயமாக முடியும், பழகிவிடும், மடிப்பு மடிப்பாகவே இருக்கும், கயிறு கயிறாகவே இருக்கும், ஒரு வருஷம் போனால் அவருக்கே அது கல்லில் இருந்ததாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

மின்னஞ்சலைத் திறந்தார். 'அன்புள்ள டாக்டர் ஸவ்ஸன், ஒரு சிறிய சந்தேகம்' என்று அடித்தார். சந்தேகம் இல்லையே, அழித்தார். 'புதிய புகைப்படத்தில் ஒரு வித்தியாசம் தெரிகிறது.' அழித்தார். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், இரண்டு பேருக்கும் அது சொந்த மொழி இல்லை, இரண்டு பேருமே அதில் புதுச்செருப்புப் போட்டவர்கள் மாதிரி நடப்பவர்கள், இந்த விஷயத்தைச் சொல்ல அதில் அவருக்கு நாலு வார்த்தைதான் தெரிந்தது, அந்த நாலும் கோர்ட்டில் சொல்கிற வார்த்தையாக இருந்தன. கூப்பிட்டுச் சொல்லலாம். எண் இருக்கிறது, மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. இப்போது அங்கே மத்தியானம், வகுப்பில் இருப்பாள், சாப்பிட்டுக்கொண்டிருப்பாள், கூட்டத்தில் பேசுவதற்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பாள், அந்த எழுத்துக்காக அவள்தான் பேசப் போகிறாள். நாலு மணி. நாலு பத்து. விரல் எண்ணின் மேலே நின்றது, நகம் வளர்ந்திருந்தது, வெட்ட வேண்டும் என்று நினைத்தார், நகவெட்டி எங்கே என்று தேடினார், கிடைத்தது, வெட்டினார், பத்து விரலையும் வெட்டினார், குப்பையைத் தாளில் கூட்டி எடுத்துப் போட்டார், இதற்குள் நாலு இருபத்தேழு ஆகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் தனியாகச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு, அது பொய் என்று இன்னொரு நினைப்பு, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கையிலேயே திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்துவிட்டன.

தலைமை வகிக்கிற டச்சுக்காரர் வில்லெம் நேரம் வீணாக்காத மனிதர். ஒவ்வொரு எண்ணாகப் படித்தார், ஆட்சேபம் உண்டா என்றார், ஒரு மூச்சு விட்டார், அடுத்ததற்குப் போனார். ஒன்று, இரண்டு, மூன்று. நாய்த்தலை மனிதன், உடைந்த ஜாடி, வாலைச் சுருட்டிய ஏதோ ஒரு விலங்கு, எல்லாம் மதலைமுத்துவின் கைக்கோடுகள். முப்பது வந்தபோது அவருடைய காது சூடேறியது. முப்பத்தைந்து. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. முப்பத்தாறு, ஆட்சேபம் இல்லை.

"முப்பத்தேழு, கயிறு பிடித்த பெண். ஒரே ஓர் இடத்தில்தான் கிடைத்திருக்கிறது, அதனால் ஆதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடச் சொல்லி டாக்டர் ஸவ்ஸனிடம் கேட்டிருந்தேன்," என்றார் வில்லெம்.

ஸவ்ஸன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டாள். இன்றைக்கு நீலச் சட்டை, முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். "நன்றி. முதலில் இதைக் கவனித்தவரைச் சொல்ல வேண்டும். நம்மில் எழுத்து படிக்கத் தெரிந்த பத்துப் பேர் இருந்தோம். பத்துப் பேரும் இதைச் சாதாரணப் பெண் என்று தாண்டிப் போயிருப்போம். திரு. மதலைமுத்து ஒருவர்தான் அவள் கையைப் பார்த்தார்." அவள் சிரித்தாள். "கையிலிருந்து இறங்குகிற இந்தக் கோடு..."

"மன்னிக்கவும்," என்றார் மதலைமுத்து. ஒலியை அடைத்து வைத்திருந்தார், யாருக்கும் கேட்கவில்லை, அவள் பேசிக்கொண்டே போனாள், அவர் சுட்டியைத் தேடினார், விரல் வழுக்கியது. "மன்னிக்கவும். மன்னிக்கவும்!" இந்தத் தடவை பதினோரு வீட்டிலும் கேட்டிருக்கும். "அந்தக் கோடு இல்லை."

"எது இல்லை?" என்றார் வில்லெம்.

"கல்லில் இல்லை. புதுப் படம் வந்திருக்கிறது. நான் வரைந்தது தாளின் மடிப்பு. என் தவறு."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அவர் படத்தைத் திரையில் போட்டார், போடுவதற்குள் மூன்று தடவை தவறான கோப்பைத் திறந்தார். பெண் பெரிதாக வந்து நின்றாள். ஸவ்ஸன் முகத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள், நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன, அந்தக் கண்கள் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் போய்விட்டு ஒரே இடத்தில் நின்றுவிட்டன.

"ஆமாம்," என்றாள். "இல்லை."

"அப்படியானால் இது ஏற்கெனவே எண் உள்ள எழுத்துதான். நீக்கிவிடலாமா?"

"நீக்கிவிடுங்கள்."

"திரு. மதலைமுத்து, சரியான நேரத்தில் சொன்னீர்கள், நன்றி," என்றார் வில்லெம். "முப்பத்தெட்டு." அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தார்களா என்பதும் திரையில் தெரியாது. மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த பொருளை மேசையில் வைத்தால் ஒருவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காகிதத்தைப் புரட்டுகிற மாதிரி. முந்நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் போனது கூட்டம், ஒரு மணி நேரத்துக்கு மேல், ஸவ்ஸன் கேமராவை அணைத்துவிட்டிருந்தாள், அவளுடைய கட்டத்தில் பெயர் மட்டும் வெள்ளை எழுத்தில் நின்றது, அவர் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து ஐந்து நிமிஷம் இருக்கும். கணினி ஒலித்தது. அவள்தான்.

"எப்போது தெரியும்?" வணக்கம் இல்லை, மதலை இல்லை.

"காலையில். பதினொரு மணிக்கு."

"ஐந்தரை மணி நேரம்."

"ஆமாம்."

"ஐந்தரை மணி நேரம் உங்களுக்குத் தெரியும், என்னைப் பேச விட்டீர்கள். உங்களைப் புகழ்ந்து பேச விட்டீர்கள். அத்தனை பேர் முன்னால் சிரித்துக்கொண்டே ஒரு தாளின் மடிப்பைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன்."

"எழுத ஆரம்பித்தேன். வார்த்தை வரவில்லை."

"தொலைபேசி இருக்கிறது!"

"நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்," என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை, உண்மை அதுதான்.

"என்ன?"

"கூப்பிட வேண்டும் என்று எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு நகம் வெட்டினேன். பயந்துவிட்டேன்."

"எதற்கு? நான் கல்லைப் படிக்கிறவள். எனக்கு எத்தனை வாசிப்பு தவறாகப் போயிருக்கிறது தெரியுமா? தவறு எனக்கு ஒன்றும் பெரிதில்லை. நீங்கள் என்னிடம் முதலில் சொல்லவில்லை, அதுதான். அவர்களோடு சேர்த்து, பத்துப் பேரில் ஒருத்தியாக எனக்குச் சொன்னீர்கள்."

"அந்தக் கோடு போய்விட்டால் நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று நினைத்தேன்!" குரல் உயர்ந்துவிட்டது, அவருக்கே அது வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது, சுவரில் மோதித் திரும்பியது. "எனக்கு வேறு யாரும் எழுதுவதில்லை. புரிகிறதா? எனக்கு எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான், எழுதுவதற்கு அந்தக் கோடு ஒன்றுதான் காரணம், அதை என் கையால் எப்படி அழிப்பேன்? என் மனைவிகூட இன்றைக்கு..." அங்கே நிறுத்திவிட்டார். அதை இதோடு சேர்க்கக் கூடாது. அது ரோசாலியின் விஷயம்.

அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி போகிற ஓசை, அலெக்சாண்டிரியாத் தெரு. ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள்.

"நான் பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டும்," என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது, ஆனால் இளகவில்லை. "கட்டுரையை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதை நான் தனியாகத்தான் செய்ய வேண்டும். பதினெட்டு வருஷத்தையும் அந்தக் கட்டுரைக்குள் வைத்துவிட்டேன், அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிந்தும் நகம் வெட்டினீர்கள்."

"ஆமாம்."

"நாளைக்கு எழுத மாட்டேன். நீங்களும் எழுதாதீர்கள். எனக்குக் கோபமாக இருக்கிறது, மதலை. கோபம் போன பிறகு எழுதுகிறேன். எப்போது போகும் என்று சொல்ல முடியாது."

"சரி," என்றார். வேறு என்ன கேட்பது? போகாவிட்டால் என்று கேட்கலாம், கேட்கவில்லை. வைத்துவிட்டாள். மதலை என்றாளே, கடைசியில் ஒரு தடவை சொன்னாளே, சொன்னாளா அல்லது நானாக அப்படிக் கேட்டுக்கொண்டேனா, என்று அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், நாலு தடவை ஓட்டினதில் அது தேய்ந்து வெறும் ஒலியாகிவிட்டது, விட்டுவிட்டார். ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. கடல்காற்று வந்திருந்தது, எப்போது வந்தது என்று கவனிக்கவில்லை. செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது: முப்பத்தேழு போனதால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும், இருநூற்று எழுபத்தைந்து எழுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் எண் மாற்ற வேண்டும், நாளைக் காலைக்குள் வில்லெம் கேட்டிருக்கிறார். இடம் காலியாக விட மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒருத்தி இருந்தாள் என்றே தெரியாது. கோப்பைத் திறந்தார். அவளை ஒரு தடவை பார்த்தார், அவர் வரைந்தவளை, கோடு இருப்பவளை. நீக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றார்.

கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு வேதவல்லி அம்மா, வீட்டுச் சொந்தக்காரர், முட்டிவலி என்பதால் மாடிப்படி ஏறாதவர், மூச்சு வாங்க நின்றிருந்தார். கையில் கரண்டி, அடுப்பிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும்.

"என்ன சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லீங்களே. ஏன்?"

"சத்தம் போட்டீங்களே. நான் பயந்துட்டேன். நாலு வருஷமா இந்த வீட்டுலேர்ந்து ஒரு சத்தம் வந்ததில்ல, ஆள் இருக்கீங்களா இல்லியானு நானே செருப்பப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன். யாரு சார் வந்திருக்காங்க?" மதலைமுத்துவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். உள்ளே நாற்காலியும் திரையும் மட்டும் இருந்தன.

"யாரும் வரலீங்க. ஃபோன்ல. சண்டை."

"யாரோட?"

மதலைமுத்து யோசித்தார். டாக்டர் என்று சொல்லலாம், கூட வேலை செய்கிறவர் என்று சொல்லலாம். "ஒரு சிநேகிதியோடங்க," என்றார். "எகிப்துல இருக்காங்க."

"எகிப்துலயா!" வேதவல்லி அம்மா கரண்டியைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு மதலைமுத்துவின் முகத்தை ஒரு முறை கூர்ந்து பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அவ்வளவு தூரத்துக்குக் கேக்கணும்னா கத்தத்தான் வேணும். தப்பு உங்க மேலயா, அவங்க மேலயா?"

"என் மேலதாங்க."

"அப்ப அவங்களா பேசற வரைக்கும் சும்மா இருங்க," என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினார். கடைசிப் படியில் அந்த ஓசை கேட்கும்வரை மதலைமுத்து அங்கேயே நின்றார். கதவைச் சாத்தாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார். முப்பத்தெட்டை முப்பத்தேழாக்கினார். முப்பத்தொன்பதை முப்பத்தெட்டாக்கினார்.